நேர்கோட்டின் அடியில்

ஹெல்சிங்கி விமான நிலையத்துக்கும் டோக்கியோவின் நரிட்டாவுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். இரண்டு இடங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்துக்கொண்டு, பூமியை ஓர் உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் யாருக்கும் இந்த விடைதான் வரும். 2021இல் கேட்டிருந்தாலும் இதுதான், இன்று கேட்டாலும் இதுதான். ஆனால் அன்று ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த ஃபின்லாந்தின் ஃபின்னேர் விமானம் இன்று ஏறத்தாழ 13 மணி நேரம் பறக்கிறது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. விமானத்தின் வேகமும் குறையவில்லை. நடுவில் ஒரு போர் வந்தது. அந்தப் போர் நடக்கும் நிலமோ இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையிலான கோட்டில் இல்லை, வெகு தெற்கே இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆனாலும் அந்த 7,800 என்ற எண் கொஞ்ச காலமாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எது நடந்தாலும் மாறாமல் நிற்கிறதே, அந்தப் பிடிவாதம்தான் உறுத்தல் என்று முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க வேறொன்று என்று படுகிறது. அது யாருமே இல்லாத ஒரு பூமியின் மீது அளந்த தூரம். காடு, ஆறு, ஊர், எல்லை, ராணுவம், சிறை எதுவும் இல்லாத வழவழப்பான உருண்டை அது. அப்படியோர் உருண்டையில் எவரும் வாழ்ந்ததில்லை. இருந்தும் உண்மையான தூரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்கிறோம். மனிதர்கள் இருப்பதால் வளைகிற வழியைச் சுற்றுவழி என்கிறோம்.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போவதென்றால் கிழக்கே போய்த் தெற்கே இறங்க வேண்டும் என்றுதான் தோன்றும். உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களிலும் நூலின் முனைகளை வைத்து இழுத்துப் பிடித்தால் நூல் வேறு வழி போகிறது. அது புறப்படுவதே வடகிழக்கு நோக்கித்தான். தெற்கே இருக்கும் ஊருக்குப் போக வடக்கே ஏறுகிறது. அரை மணி நேரத்துக்குள் ரஷ்ய எல்லை. பிறகு வெண்கடல் கரையின் ஆர்க்காங்கெல்ஸ்க் நகரம். அதன்பின் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, ஓப் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் உள்ள சலேஹார்டுக்குக் கொஞ்சம் வடக்கே தன் உச்சியைத் தொடுகிறது. அங்கிருந்து மெல்லச் சரிந்து, யெனிசெய் ஆற்றங்கரையில் துருகான்ஸ்க் அருகே கடந்து, முடிவே இல்லாத தைகா காடுகளின் மேல் இறங்கி இறங்கி, அமூர் ஆற்றைத் தாண்டி ஜப்பான் கடலுக்கு வந்துசேர்கிறது. நூலின் பெரும்பகுதி ஒரே நாட்டின் மீது கிடக்கிறது. நாம் ஹெல்சிங்கி, டோக்கியோ என்று இரண்டு முனைகளின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறோம். இடையில் இருக்கும் ஆர்க்காங்கெல்ஸ்க்கும் சலேஹார்டும் துருகான்ஸ்க்கும் இருக்கை முன்னால் ஒளிரும் திரையில் சில நிமிடங்கள் வந்து போகும் எழுத்துகள். அந்தத் திரையை நான் எப்போதுமே விரும்பிப் பார்ப்பேன். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, காதில் இரைச்சலும் மூக்கில் வறண்ட காற்றுமாக, ஒரு சின்ன வெள்ளை விமானம் பெயர்களின் மேல் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் உண்டு. அந்தச் சுகத்தைப் பற்றியே இப்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

சலேஹார்டிலிருந்து யெனிசெய் வரையிலான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விமானத்துக்கு அது ஒரு மணி நேரச் சமாசாரம். அங்கே 1940களின் இறுதியில் ஸ்டாலினின் உத்தரவின்படி ஓர் இருப்புப்பாதை போடத் தொடங்கினார்கள். சலேஹார்டிலிருந்து யெனிசெய் கரையில் உள்ள இகார்கா வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போட்டவர்கள் கைதிகள், பல்லாயிரம் பேர். குளிர்காலத்தில் தரை இரும்பாக உறைந்து கிடக்கும். கோடையில் மேல்மண் இளகிச் சேறாகும். போட்ட தண்டவாளம் அமிழும், வளையும், மீண்டும் தூக்கி நிறுத்த வேண்டும். கொசுக்கூட்டம் முகத்தை மொய்க்கும். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். அதே ஆண்டில் வேலையை அப்படியே விட்டுவிட்டார்கள். ரயில் ஓடுவதற்கு அங்கே தேவையும் இருக்கவில்லை, ஏறுவதற்கு ஆளும் இருக்கவில்லை. துருப்பிடித்த இஞ்சின்களும் சரிந்த முகாம்களும் மரங்களுக்கு நடுவே இன்னும் நிற்கின்றன. மரித்த பாதை என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஹெல்சிங்கி-டோக்கியோ நூல் இந்த இருப்புப்பாதையை ஒட்டியே, ஓரிடத்தில் நூறு இருநூறு கிலோமீட்டர் வடக்கே, இன்னோரிடத்தில் நெருங்கி வந்து, ஏறக்குறைய அதே திசையில் போகிறது. ஆண்டுக்கணக்கில் உயிரைக் கொடுத்தும் மனிதர்களால் கடக்க முடியாமல் போன நிலத்தின் மேல், மற்றவர்கள் இரவு உணவுத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடும் நேரத்துக்குள் கடந்துபோயிருக்கிறார்கள். இதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. உறங்குகிறவனை எழுப்பிக் கீழே பார் என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. ஜன்னல் மறைப்பைத் தூக்கிப் பார்த்தாலும் இருட்டும், மேற்குச் சைபீரியாவின் எரிவாயுக் கிணறுகளில் எரியும் தீப்புள்ளிகளும்தான் தெரியும். ஆனால் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே ஒன்பதரை மணி நேரம் என்று சொல்லும்போது அந்த ஒரு மணி நேரமும் அதில் சேர்ந்திருக்கிறது.

அந்த நேர்கோட்டை ஃபின்லாந்து தன் சொத்தாகவே கருதி வந்தது. ஐரோப்பாவின் வடகிழக்கு ஓரத்தில் இருப்பது வேறு எதற்கு வசதியோ இல்லையோ, கிழக்காசியாவுக்குப் பறப்பதற்கு வசதி. ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து டோக்கியோ செல்லும் குறுகிய வழிக்கு ஹெல்சிங்கி பக்கத்திலேயே இருக்கிறது. ஃபின்னேர் பல ஆண்டுகள் தன் வணிகத்தை இந்தப் புவியியலின் மீதுதான் கட்டியது. நிலத்தில் தங்களுக்கு ஒரு சாண்கூடச் சொந்தமில்லாத பாதைக்கு மேல் போய்வர ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யத் தரப்புக்கு ஆண்டுதோறும் பெரும்பணம் கட்டிவந்தன. 2022 பிப்ரவரி 24இல் உக்ரைன் மீது படையெடுப்பு. சில நாட்களில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானத்தை மூடியது. பிப்ரவரி 28இல் ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மார்ச் 9இல் ஃபின்னேர் டோக்கியோவுக்கு மீண்டும் பறந்தபோது வழி வட துருவம். நார்வேயின் மேல் ஏறி, ஸ்வால்பார்டைத் தாண்டி, உறைந்த கடலின் உச்சிக்குப் போய், அலாஸ்கா பக்கமாக இறங்கிப் பசிபிக்கின் மேல் ஜப்பானுக்கு. துருவத்தில் அன்று சூரியன் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆறு மாத இரவு முடியச் சுமார் பத்து நாட்கள் பாக்கி இருந்தன. திசைகாட்டியின் காந்தமுள் அங்கே உதவாது. எல்லாத் தீர்க்கரேகைகளும் அங்கே வந்து கூடுவதால் மணி என்ன என்ற கேள்விக்கே பொருள் இல்லாமல் போகிறது. எங்கேயாவது இறங்க நேர்ந்தால் என்ன செய்வது என்று விமானத்தில் துருவக் குளிருக்கான உடைகளும் ஏற்றிவைத்தார்கள். இன்னொரு வழி தெற்கே: கிழக்கு ஐரோப்பாவின் மேல் இறங்கி, துருக்கி, ஜார்ஜியா, அஜர்பைஜான், மத்திய ஆசியா, சீனா, கொரியா. ரஷ்யாவுக்கும் ஈரானுக்கும் நடுவே அந்த வழி எவ்வளவு ஒடுங்குகிறது என்பதை வரைபடத்தில் பார்த்தால் மூச்சுமுட்டும். எந்த வழி என்பது அன்றன்றைய காற்றைப் பார்த்து முடிவாகிறது. எப்படிப் போனாலும் 13 மணி நேரத்தை ஒட்டித்தான்.

காற்று என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒயிஷி வசபுரோ என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். இன்றைய நரிட்டாவிலிருந்து அதிக தூரமில்லாத தடெனோ என்ற ஊரின் ஆய்வகத்திலிருந்து 1920களில் பலூன்களை மேலே விட்டு, அவை உயரத்தில் கிழக்கு நோக்கி எப்படி அடித்துச் செல்லப்படுகின்றன என்று அளந்துகொண்டிருந்தார். அவ்வளவு வேகமான காற்று அங்கே இருப்பதை அவர்தான் முறையாகப் பதிவுசெய்தார். கண்டதை உலகம் முழுதும் படிக்க வேண்டும் என்று 1926இல் எஸ்பெராந்தோ என்ற பொதுமொழியில் எழுதி வெளியிட்டார். எஸ்பெராந்தோ படித்தவர்கள் குறைவு. அதை வாசித்தவர்களும் குறைவு. எல்லைகளைத் தாண்டிப் பேச நினைத்த மனிதரின் கண்டுபிடிப்பை முதலில் பயன்படுத்திக்கொண்டது போர். 1944-45இல் ஜப்பான் அந்தக் காற்றில் வெடிகுண்டு கட்டிய பலூன்களை அமெரிக்காவை நோக்கி அனுப்பியது. ஓரிகனில் ஒரு காட்டில் ஆறு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். டோக்கியோவுக்குப் போகும் நேரமும் டோக்கியோவிலிருந்து திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு அந்தக் காற்றுதான் காரணம். ஆக, இரண்டு ஊர்களின் நடுவே இருக்கும் தூரம் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் வேறு வேறு.

துருவ வழி புதிதல்ல என்பதுதான் இதில் என்னை அதிகம் கலங்கவைப்பது. சோவியத் வானம் மூடிக் கிடந்த காலத்தில், 1957இல், ஸ்கான்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ் கோபன்ஹேகனிலிருந்து துருவத்தின் மேலாகப் பறந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி டோக்கியோ போகத் தொடங்கியது. பிறகு பல நிறுவனங்கள் அந்த வழிக்கு வந்தன. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் போய்வந்த ஒரு தலைமுறைக்கு ஆங்கரேஜ் என்றால் நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி நின்ற மண்டபம். ஜப்பானியப் பயணிகளுக்காக அங்கே உடோன் நூடுல்ஸ் கடைகூட இருந்தது. ஆவி பறக்கும் அந்தக் கிண்ணத்தை இன்றும் நினைவுகூர்கிறவர்கள் உண்டு. 1983 ஏப்ரலில் ஃபின்னேர் டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் ஏற்றி, எங்கும் இறங்காமல் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போனது: துருவம், பெரிங் நீரிணை, பசிபிக். சுமார் 13 மணி நேரம். 2022இன் எண் அப்படியே 1983இன் எண். நடுவில் நாற்பது ஆண்டுகள் என்ன ஆயின? பூமியின் அந்தப் பாகம் நமக்குச் சுருங்கிக்கொடுத்தது என்று நம்பினோம். தொழில்நுட்பம் அதைச் செய்தது என்றுகூட நினைத்தோம். உண்மையில் அது, தன் வானத்தில் பறக்க ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுத்திருந்த சம்மதம். அதே 1983இல், செப்டம்பர் 1ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சியோல் போய்க்கொண்டிருந்த கொரிய விமானம் தன் வழியிலிருந்து சிறிது சிறிதாக விலகிச் சோவியத் வானத்துக்குள் போய்விட்டது. சகலின் தீவுக்கு மேற்கே, மொனெரோன் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர். ஜப்பானின் வடமுனையில், சோயா முனையில், சகலினைப் பார்த்தபடி அவர்களுக்கு ஒரு நினைவுக் கோபுரம் நிற்கிறது. செலுத்துமுறையில் ஏற்பட்ட ஒரு சிறு பிசகு, பல மணி நேரத்தில் பெருகிப் பெருகி, அத்தனை பேரைக் கொன்றது. பிழையாகத் திரும்பிய கோணம் சிறிது. அதன் கீழே இருந்த அச்சம் பெரிது.

நேர்கோட்டுக்கு ஏங்குவதில் உள்ள ஆபத்தைப் பற்றியும் யோசிக்கிறேன். 2014 ஜூலை 17இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரைன் மேல் பறந்தது. கீழே சண்டை. 32,000 அடி வரை அந்த வானம் மூடப்பட்டிருந்தது. விமானம் 33,000 அடியில் இருந்தது. ஆயிரம் அடி, முந்நூறு மீட்டர், அதற்கு மேல் உலகம் வழக்கம்போல இயங்கலாம் என்று முடிவுசெய்திருந்தார்கள். சூரியகாந்தி வயல்களில் 298 பேரும் விழுந்தார்கள். அந்த வயல்களைச் சேர்ந்த கிராமத்தவர்கள்தான் முதலில் போய்ப் பார்த்தவர்கள். அந்தக் கிராமங்கள் அதுவரை எந்தப் பயணியின் கணக்கிலும் இருந்ததில்லை. எனவே வளைந்து போவது நல்லதுதான், அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. அந்த மூன்றரை மணி நேரத்தை நாம் எப்படிச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. ‘இழந்தோம்’ என்கிறோம். போரில் எதை இழந்தார்கள் என்று எண்ண வேண்டியவர்கள் வேறெங்கோ இருக்க, நாம் நம் இழப்பை நிமிடக் கணக்கில் வைத்திருக்கிறோம்.

ஃபின்னேர் துருவத்தைத் தாண்டிய பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. அழகான தாள். அதைக் கொடுத்தவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. நீண்ட பயணத்தில் களைத்தவர்களுக்குக் காட்டிய அன்பு அது. ஆனால் அதைப் படித்தபோது இன்னொரு சான்றிதழ் நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரும் ஜாவாவும் ஜப்பானியர் கைக்குப் போனபின் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க 1943இலிருந்து 1945 வரை குவான்டாஸ் நிறுவனத்தின் கேட்டலினா கடல் விமானங்கள் பெர்த்திலிருந்து இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரிக்குப் பறந்தன. சுமார் 5,600 கிலோமீட்டர், முழுக்க இந்தியப் பெருங்கடல். வழியில் இறங்க இடமில்லை. எதிரிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வானொலியும் மௌனம். நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி. விமானங்களுக்கே நட்சத்திரப் பெயர்கள் வைத்திருந்தார்கள். நாம் சித்திரை, கேட்டை, திருவோணம் என்று அழைக்கிறவையும் அவற்றில் உண்டு. எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை ஆகும். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைப் பார்ப்பார்கள். இரட்டைச் சூரியோதய ரகசியக் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்ததாக அவர்களுக்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்த விமானிகளின் துணிவை நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது. ஆனால் கொக்கல என்பது வெறும் தண்ணீர்ப் பரப்பு இல்லை. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அந்த ஏரிக்கரையைப் போர்த்தளமாக்குவதற்காக ஊர்மக்களைக் குறுகிய கால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வீடுகளும் தோப்புகளும் போயின. அவர் பிறந்த வீடு மட்டும் அதிகாரிகளுக்குப் பயன்பட்டதால் தப்பியது. இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு கிராமம் குலைந்துபோவதைப் பற்றிய அவருடைய நாவலான கம்பெரலிய வெளியானது 1944இல், கேட்டலினாக்கள் அந்த ஏரியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே. சூரியன் இரண்டு முறை உதித்ததற்குத் தாள் இருக்கிறது. தென்னைகளை விட்டுப் போனவர்களுக்குத் தாள் எதுவும் தரப்பட்டதாக நான் படித்ததில்லை.

இந்த எண்ணத்தை இதற்கு மேல் நீட்டினால் பயணமே கூடாது என்று சொல்வதாக ஆகிவிடுமோ என்ற தயக்கமும் உண்டு. அப்படிச் சொல்ல நான் வரவில்லை. பிரிந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவருக்கு மூன்றரை மணி நேரம் என்பது உண்மையிலேயே நீண்ட நேரம். முழங்கால் வலிக்கும், தண்ணீர் தாகம் எடுக்கும், அந்த நேரம் அவர் உடம்பில்தான் கழிகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆனால் வானத்தில் கோடு போடுகிறவர்கள் தராசில் எதையோ நிறுத்தித்தானே போடுகிறார்கள். சீன நிறுவனங்களின் விமானங்கள் இன்றும் சைபீரியாவின் மேல்தான் ஐரோப்பாவுக்கு வந்துபோகின்றன. இந்திய விமானங்களுக்கும் அந்த வானம் மூடப்படவில்லை. ஆகவே நேர்கோடு அழிந்துவிடவில்லை. எந்த நாட்டு விமானத்தில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து அதே பூமி நமக்கு நீளமாகவோ குட்டையாகவோ இருக்கிறது.

2023 ஜூன் 6இல் டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானம், இஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் மகதானில் இறங்கியது. 216 பயணிகள், 16 பணியாளர்கள். அவர்களை எல்லாம் தங்கவைக்கும் அளவுக்கு அங்கே விடுதிகள் இல்லை. பள்ளிக்கூட அறைகளில் தரையில் மெத்தை விரித்துப் படுக்கவைத்தார்கள். மும்பையிலிருந்து மாற்று விமானம் வந்து அவர்களை 8ஆம் தேதி ஏற்றிச் சென்றது. மகதான் என்ற பெயருக்கு ஒரு கனம் உண்டு. கொலிமாவின் தங்கச் சுரங்க முகாம்களுக்குக் கைதிகளைக் கப்பல்களில் கொண்டுவந்து இறக்கிய துறைமுகம் அது. 1937இல் அங்கே இறக்கப்பட்டவர்களில் ஒருவர் வர்லாம் ஷலாமோவ். பிறகு கொலிமாக் கதைகளை எழுதியவர். 2023இல் அங்கே இறங்கிய பயணிகளின் பதற்றம் நியாயமானது. சாப்பாடும் மருந்தும் மொழியும் தெரியாத ஊரில் குழந்தைகளையும் முதியவர்களையும் வைத்துக்கொண்டு காத்திருப்பது எளிதில்லை. எத்தனை மணி நேரத் தாமதம் என்று செய்திகள் எழுதின. எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. மெத்தைகளை எங்கிருந்து தேடிக் கொண்டுவந்தார்கள், இருநூற்றுச் சொச்சம் பேருக்குச் சமைத்தது யார், ஜூன் மாதத்தில் அவ்வளவு வடக்கே நள்ளிரவிலும் முழுதாக இருட்டாத வெளிச்சத்தில் எந்த நேரம் வரை விழித்திருந்தார்கள். டெல்லிக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான தூரத்தை யாராவது என்னிடம் கேட்டால், அவர்கள் வேலை செய்த அந்த இரண்டு நாட்களையும் சேர்த்துத்தான் சொல்வேன்.